லட்டாக்கியா சத்தம் அடங்கினதுக்கு அப்புறம்தான் இங்கிலீஷ் பிளெண்ட் பேச ஆரம்பிக்கும்

கேள்வி கேட்ட தம்பி லண்டன்ல இருக்கார். ஆறு மாசமா பைப் பிடிக்கறார், இதுவரைக்கும் செர்ரி, வெனிலா வாசனை சேர்த்த புகையிலை மட்டும்தான். இப்ப முதல் தடவையா ஒரு இங்கிலீஷ் பிளெண்ட் டின் வாங்கியிருக்கார். மூடிய திறந்ததும் டயர் எரிஞ்ச வாடை, பத்த வெச்சா நாக்கு எரியுது, பாதி பவுல் (பைப்ல புகையிலை அடைக்கற கிண்ணம்) போனதும் உள்ள கொடகொடன்னு தண்ணி சத்தம். ஆனா மத்தவங்க எல்லாம் தோல், அத்திப்பழம், ஊதுபத்தின்னு என்னென்னமோ எழுதறாங்க, எனக்கு புகை மட்டும்தான் தெரியுது, டின் கெட்டுப்போனதா இல்ல என் நாக்குதான் சரியில்லையா, ஒரு பிளெண்ட் நல்லதா இல்லையான்னு எத வெச்சு முடிவு பண்றதுன்னு கேட்டிருக்கார்.

டின்னும் கெடல, உங்க நாக்குலயும் குறை இல்ல. புகையிலை ஈரமா இருந்திருக்கு, வேகமா இழுத்திருக்கீங்க, அது ஒண்ணு. இன்னொண்ணு, நீங்க லட்டாக்கியாவ, அதாவது புகை போட்டு கருப்பாக்கின இலைய மட்டும் கேட்டுட்டு கச்சேரி முடிஞ்சதுன்னு எழுந்து வந்துட்டீங்க. கல்யாண வீட்ல தவிலுக்கு பக்கத்துல உக்காந்தவனுக்கு நாதஸ்வரம் காதுல விழாது இல்லையா, அதே கதைதான். இங்கிலீஷ் பிளெண்ட்ட எடை போடறதுன்னா லட்டாக்கியா எவ்வளவு பலமா இருக்குன்னு பாக்கறது இல்ல, அதுக்கு பின்னாடி கூட கலந்திருக்கற மத்த இலைங்க, வர்ஜீனியாவும் ஓரியன்டலும், கடைசி வரைக்கும் நிக்குதா, நின்னா என்ன சொல்லுதுன்னு பாக்கறது. நான் பதினஞ்சு வருஷத்துக்கு மேல இந்த வகை புகையிலைதான் பிடிக்கறேன், எனக்கு இது புரியவே மூணு நாலு வருஷம் ஆச்சு, அதனால கொஞ்சம் விரிவாவே எழுதறேன்.

ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு. பைப் புகைய நெஞ்சுக்குள்ள இழுக்கலைன்னாலும் வாய், உதடு, தொண்டை கேன்சர் அபாயம் இருக்கு, நிக்கோடின் பழக்கமாகிடும், இதுல சால்ஜாப்பு எதுவும் கிடையாது. புகை பழக்கமே இல்லாதவங்க இத படிச்சிட்டு ஆரம்பிக்கணும்னு நான் எழுதல. ஏற்கனவே பிடிக்கறவர் கேட்டிருக்கார், அவருக்கான பதில் இது. நானே வாரத்துக்கு ரெண்டு பவுலுக்கு மேல போறதில்ல, ருசி பாக்கறதுக்கும் அந்த அளவுதான் சரியா வருது, தினமும் அஞ்சு பவுல் பிடிக்கற நாக்குக்கு எந்த வித்தியாசமும் தெரியாது.

இங்கிலீஷ் பிளெண்ட்னா அடிப்படையில மூணு இலை, வர்ஜீனியா, ஓரியன்டல், லட்டாக்கியா. சிலதுல பெரிக் கொஞ்சம் சேரும், சிலதுல வாசனை சேர்க்காத கேவன்டிஷ், அதாவது சூட்டுலயும் ஆவிலயும் அழுத்தி பதப்படுத்தின இலை சேரும். ஓரியன்டல் தூக்கலா இருந்தா அத பால்கன்னு சொல்வாங்க, ஆனா இந்த எல்லைக்கோடு ஆளுக்கு ஆள் மாறும், அத பிடிச்சிட்டு சண்டை போட ஒண்ணும் இல்ல. இங்கிலீஷ்ங்கற பேர் எப்படி வந்துச்சுன்னா, பிரிட்டன்ல ரொம்ப காலம் புகையிலைல எசன்ஸ், சிரப்னு சேர்க்கறதுக்கு சட்டத்துல கடுமையான கட்டுப்பாடு இருந்துச்சு, அதனால இலையோட சொந்த குணத்த மட்டும் வெச்சே ருசிய கட்டவேண்டிய நிலைமை. அந்த கட்டாயத்துல இருந்து வளர்ந்த கலை இது. ஆல்ஃபிரட் டன்ஹில் 1907ல லண்டன் டியூக் ஸ்ட்ரீட்ல கடை போட்டப்ப, வர்ற வாடிக்கையாளர் ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா கலவை போட்டு குடுத்து அந்த கலவைக்கு ஒரு நம்பர் குடுப்பாங்க. மை மிக்சர் 965ங்கற பிளெண்ட் பேர்ல இருக்கற 965 அப்படி வந்த நம்பர்தான். நம்ம ஊர்ல காபித்தூள் கடைல பீபெரி இவ்வளவு, சிக்கரி இவ்வளவுன்னு வீட்டுக்கு வீடு ஒரு கணக்கு வெச்சிருப்பாங்களே, அந்த மாதிரி.

இப்ப இலைகளுக்கு வருவோம், இது தெரியாம ருசி பாக்கவே முடியாது.

லட்டாக்கியா. பேர் சிரியாவோட துறைமுக ஊர் பேர், ஆனா இன்னைக்கு உங்க டின்ல இருக்கறது சைப்ரஸ் பக்கத்து லட்டாக்கியாவாதான் இருக்கும். மொதல்ல இது ஒரு சாதாரண ஓரியன்டல் இலைதான், வெயில்ல காய வெச்சு, அப்புறம் மூடின கொட்டகைல தொங்கவிட்டு கீழ விறகும் வாசனை செடிகளும் போட்டு வாரக்கணக்குல புகை போடுவாங்க, அதுலதான் இலை கன்னங்கரேல்னு ஆகுது. அதனாலதான் மூடிய திறந்ததும் அந்த வாடை. உங்களுக்கு டயர் மாதிரி தோணினது தப்பே இல்ல, பலருக்கும் முதல்நாள் டயரோ தாரோதான் தெரியும். லாப்சங் சூச்சாங்னு பைன் மரப்புகை போட்ட சீன டீ ஒண்ணு இருக்கு, லண்டன்ல எந்த பெரிய கடைலயும் கிடைக்கும், அத ஒரு தடவை குடிச்சு பாருங்க, லட்டாக்கியாவோட சொந்தக்காரங்க யாருன்னு அப்பவே புரிஞ்சிடும்.

முக்கியமான விஷயம், லட்டாக்கியா வாடைதான் பெருசு, ஆள் சாது. நிக்கோடின் குறைவு, நிதானமா எரியும், சூடு ஏறாது. நான் ஒரு தடவை கலவைக்குன்னு தனியா விக்கற சைப்ரஸ் லட்டாக்கியாவ மட்டும் ஒரு சின்ன பவுல்ல போட்டு பிடிச்சு பாத்தேன். பயந்துட்டேதான் பத்த வெச்சேன். பத்து நிமிஷத்துல சப்புன்னு ஆயிடுச்சு. அடுப்படி புகை, லேசா ஒரு தித்திப்பு, அவ்வளவுதான், ஆரம்பத்துல என்ன இருந்துச்சோ அதேதான் கடைசி வரைக்கும். அன்னைக்குதான் எனக்கு உறைச்சுது, நான் இத்தனை நாளா லட்டாக்கியா ருசின்னு நெனச்சிட்டிருந்ததுல பாதிக்கு மேல மத்த இலைங்களோட வேலை. நீங்களும் முடிஞ்சா அஞ்சு பத்து கிராம் தனி லட்டாக்கியா, அதே அளவு சாதா வர்ஜீனியா வாங்கி ரெண்டையும் தனித்தனியா ஒரு தடவை பிடிச்சு பாத்துடுங்க. இருபது விமர்சனம் படிக்கறதுல கிடைக்காத பாடம் அந்த ரெண்டு பவுல்ல கிடைக்கும்.

வர்ஜீனியாதான் அஸ்திவாரம். சூடான காத்துல உலர்த்தற இலை, சர்க்கரை ஜாஸ்தி. மஞ்சளா இருக்கறது வைக்கோல், எலுமிச்சை பக்கம் போகும், சிவப்பா பழுப்பா இருக்கறது வெந்த ரொட்டி, கருப்பட்டி பக்கம் போகும். தித்திப்பு எங்கிருந்து வருதுன்னு கேட்டா முக்கால்வாசி இங்கிருந்துதான். ஆனா வேகமா இழுத்தா நாக்க கடிக்கறதும் இதேதான்.

ஓரியன்டல்தான் எனக்கு ரொம்ப பிடிச்ச இலை, புரிய ரொம்ப நாள் எடுத்துக்கிட்டதும் இதுதான். துருக்கி, கிரீஸ், மாசிடோனியா பக்கத்து குட்டி குட்டி இலைகள், இஸ்மிர், சாம்சுன், பாஸ்மா, கட்டெரினின்னு பல வகை. வெயில்ல உலர்த்தறது. இதுல ஒரு மெல்லிசான புளிப்பு இருக்கும், அதோட காய்ஞ்ச மூலிகை, பழைய மரப்பெட்டிய திறந்தா வர்ற வாசனை. என் மூக்குக்கு எப்பவும் நாட்டு மருந்துக் கடைதான் ஞாபகம் வரும், அந்த சாக்குப்பைங்க வரிசையா வாய் திறந்து இருக்குமே, அதுக்கு நடுவுல நின்னா மாதிரி. லட்டாக்கியாவுக்கும் வர்ஜீனியாவுக்கும் நடுவுல பாலம் போடறது இந்த இலைதான். ஓரியன்டல் சரியில்லாத இங்கிலீஷ் பிளெண்ட்ல ஒரு பக்கம் புகை, ஒரு பக்கம் தித்திப்பு, ரெண்டும் ஒட்டாம தனித்தனியா நிக்கும்.

பெரிக் அமெரிக்காவுல லூசியானா, செயின்ட் ஜேம்ஸ் பாரிஷ்ங்கற ஒரு சின்ன பகுதில செய்யறது. இலைய மர பீப்பாய்ல போட்டு அழுத்தி, அதோட சாறுலயே ஒரு வருஷமாவது ஊறவிடறாங்க. கிட்டத்தட்ட நம்ம ஊறுகாய் ஜாடி கணக்குதான். மிளகு காரம், காய்ஞ்ச பழம், லேசா காடி வாசனை. கொஞ்சமா இருந்தா போதும், மூக்கு நுனில தெரிஞ்சிடும்.

சரி, இப்ப உங்க நாக்கு எரிச்சலுக்கு வர்றேன், ஏன்னா இத சரி பண்ணாம எந்த பிளெண்ட்டுக்கும் மார்க் போடக்கூடாது. டின்ல இருந்து நேரா எடுத்து பவுல்ல அடைச்சிருப்பீங்க. நிறைய டின்னுங்க தேவைக்கு மேல ஈரமாதான் வரும், முக்கியமா இங்கிலாந்துல கெண்டல்ங்கற ஊர்ல இருந்து வர்ற பழைய ஸ்டைல் புகையிலை எல்லாம் கைல பிசுபிசுன்னே இருக்கும். ஈரமான புகையிலை அணைஞ்சு அணைஞ்சு போகும், நீங்க அணையக்கூடாதேன்னு வேகமா இழுப்பீங்க, இழுக்க இழுக்க நீராவி நாக்குல அடிக்கும், எரிச்சலும் வரும், அடில கொடகொடன்னு தண்ணியும் சேரும். அதனால ஒரு பவுலுக்கு வேண்டியத எடுத்து ஒரு வெள்ளை பேப்பர்ல பரப்பி வெச்சிடுங்க. எவ்வளவு நேரம்னு நான் சொல்ல முடியாது, இங்கிலாந்துல ஜனவரி மாசம் ஹீட்டர் ஓடற ரூம்ல இருபது நிமிஷம் போதும், நசநசன்னு மழை பெய்யற அன்னைக்கு ஒரு மணி நேரம் ஆனாலும் ஆகும். கைதான் கடிகாரம். கொஞ்சம் எடுத்து கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல அமுக்கி விடுங்க. உருண்டையா அப்படியே ஒட்டிட்டு இருந்தா இன்னும் ஈரம். நொறுங்கினா ரொம்ப காஞ்சிடுச்சு. மெதுவா பிரிஞ்சு தானா விரிஞ்சுதுன்னா எடுத்துடுங்க. தொட்டா காஞ்ச மாதிரி இருக்கணும், ஆனா சருகு மாதிரி சத்தம் வரக்கூடாது.

இதுல எனக்கே ஒரு பெரிய வருத்தம் உண்டு. ஆரம்ப காலத்துல ஒரு டின் வாங்கி, ஒரே ஒரு பவுல் பிடிச்சிட்டு, நாக்கு வெந்துபோச்சுன்னு அப்படியே ஒரு நண்பருக்கு குடுத்துட்டேன். மோசமான புகையிலைன்னு பாக்கறவங்ககிட்ட எல்லாம் சொல்லவும் செஞ்சேன். ரெண்டு வருஷம் கழிச்சு அவர் வீட்டுக்கு போனப்ப கண்ணாடி ஜாடில இருந்து ஒரு பவுல் போட்டு குடுத்தார், என்னன்னு சொல்லல. பாதி பவுல்ல நான் நிறுத்திட்டு இது என்ன அண்ணே, இவ்வளவு நல்லா இருக்கேன்னு கேட்டேன். நான் குடுத்த அதே டின். அவர் பண்ணினதெல்லாம் முக்கால் மணி நேரம் பேப்பர்ல காய வெச்சதுதான். அந்த புகையிலைய பத்தி நான் ரெண்டு வருஷம் தப்பா பேசினது இன்னைக்கும் மனசுல உறுத்துது. அதுக்கப்புறம் மூணு பவுல், மூணு வேற வேற நாள், மூணு வேற வேற ஈரப்பதம்னு பாக்காம எதை பத்தியும் வாய திறக்கறதில்ல.

பைப் பத்தியும் ரெண்டு வார்த்தை. நீங்க செர்ரி, வெனிலா பிடிச்ச அதே பைப்ல இத போட்டிருந்தா, பழைய வாசனை மரத்துல ஊறி நிக்கும், இதுல கலந்துடும். அதே மாதிரி லட்டாக்கியாவும் ஒரு தடவை ஏறினா லேசுல போகாது. அதனால இதுக்குன்னு ஒரு பைப் ஒதுக்கிடுங்க. காசு செலவு பண்ண வேண்டாம்னா மக்காச்சோளக் கதிரோட தக்கைல செஞ்ச பைப் (corn cob) ஒண்ணு வாங்கிக்கோங்க, அதுவே அருமையா வேலை செய்யும். பவுல் வாய் கொஞ்சம் அகலமா இருந்தா நல்லது, மூணு நாலு இலை ஒண்ணா எரியற பரப்பு பெருசா இருக்கும், கலவை கலவையாவே வாய்க்கு வரும். ஒடுக்கமான பவுல்ல இதே பிளெண்ட் கூராவும் ஒல்லியாவும் தெரியும்.

பத்த வெக்கறப்ப முதல்ல மேலாக்க ஒரு சுத்து, புகையிலை எம்பி மேல வரும், டேம்பரால (புகையிலைய அமுக்கற சின்ன கருவி) லேசா அமுக்கிட்டு இன்னொரு சுத்து. தீக்குச்சின்னா தலைல இருக்கற மருந்து எரிஞ்சு முடியட்டும், அந்த கந்தக வாடை முதல் பத்து நிமிஷத்த கெடுத்துடும். அப்புறம் வேகம். நிமிஷத்துக்கு ஒண்ணு ரெண்டு இழுப்பு, சூடான டீய உறிஞ்சறத விட மெதுவா. பவுல கன்னத்துல வெச்சு பாருங்க, தாங்க முடியலைன்னா கீழ வெச்சிடுங்க, அணைஞ்சா அணையட்டும், திரும்ப பத்த வெக்கறதுல ஒரு குத்தமும் இல்ல. ஒரு நடுத்தர பவுல் முக்கால் மணி நேரமாவது நிக்கணும். இருபது நிமிஷத்துல முடிஞ்சிடுச்சுன்னா நீங்க ருசி பாக்கல, சும்மா எரிச்சிருக்கீங்க.

ருசில பாதிக்கு மேல மூக்குதான். வாய்ல இருக்கற புகைல கொஞ்சத்த மட்டும் மெதுவா மூக்கு வழியா வெளிய விடணும், நெஞ்சுக்குள்ள இழுக்காம. முதல்ல கண்ணு கலங்கும். வாய நிறைய புகை வெச்சிட்டு அவ்வளவையும் மூக்குல விடாதீங்க, முக்கால்வாசிய வாயால ஊதிட்டு மிச்சத்த மட்டும் விடுங்க. ஓரியன்டலும் பெரிக்கும் யாருன்னு அங்கதான் தெரியும். நாக்குல தித்திப்பு, புளிப்பு, கசப்பு, உப்பு மாதிரி அடிப்படை ருசிங்கதான் தெரியும், மத்ததெல்லாம் மூக்கோட வேலை.

போன வாரம் நான் பிடிச்ச ஒரு பவுல அப்படியே சொல்றேன், எப்படி கவனிக்கறதுன்னு உங்களுக்கு ஒரு பிடி கிடைக்கும். நைட்கேப். டன்ஹில் பேர்ல வந்திட்டிருந்தது, இப்ப பீட்டர்சன் பேர்ல வருது. வர்ஜீனியா, ஓரியன்டல், லட்டாக்கியா, கொஞ்சம் பெரிக். பேப்பர்ல பரப்பினப்பவே முதல் பரிசோதனை ஆரம்பிச்சிடும், நிறத்த பாருங்க. கரி மாதிரி கருப்பு இழைங்க நிறைய, நடுவுல செம்பழுப்பு, அங்கங்க மங்கின பச்சை கலந்த மஞ்சள். இழைங்க மெல்லிசா ஒரே சீரா வெட்டியிருக்கு, தண்டு இல்ல, தூள் இல்ல. டின்ல முதல்ல மூக்க வெச்சா புகை மட்டும். அரை மணி நேரம் காத்தாட விட்டுட்டு திரும்ப பேப்பர்ல மோந்து பாத்தா புகைக்கு அடில ஒரு காய்ஞ்ச திராட்சை, லேசா புளிச்ச வாசனை. அது பெரிக். டின் மணம்னு எழுதறப்ப நான் இந்த ரெண்டாவது மணத்தத்தான் எழுதுவேன், மூடிய திறந்த முதல் செகண்ட் வர்றதுல லட்டாக்கியா மத்த எல்லாரையும் தள்ளிட்டு முன்னாடி வந்து நிக்கும்.

முதல் பத்து நிமிஷம் எதிர்பார்த்த மாதிரி லட்டாக்கியா ராஜ்ஜியம். யாகம் முடிஞ்ச மண்டபத்துல மறுநாள் காலைல நுழைஞ்சா ஒரு வாசனை இருக்குமே, நெய்யும் கரியும் சமித்தும் கலந்து சுவத்துல ஏறின வாசனை, அது. நாக்குல எண்ணெய் தடவின மாதிரி ஒரு வழவழப்பு. நான் இந்த கட்டத்துல எதுவும் எழுதறதில்ல. பதினஞ்சு நிமிஷம் ஆனப்ப மூக்கு வழியா விட்டதுல மிளகு சுள்ளுன்னு ஒரு குத்து, அதுக்கு பின்னாடியே தித்திப்பு. அந்த தித்திப்பு எங்க இருக்குன்னு கவனிச்சேன், நாக்கு நுனில இல்ல, நடுவுல, புகைய விட்டதுக்கு அப்புறமும் நிக்குது. வர்ஜீனியா முழிச்சுக்கிச்சு. பாதி பவுல் தாண்டினப்ப லட்டாக்கியாவ மூக்கு பழகிடும், அது இருக்கறதே மறந்துபோகும், அப்பதான் அந்த மருந்துக் கடை வாசனை வந்துச்சு, புளிப்பா, உலர்ந்து, வாய் ஓரத்துல எச்சில் ஊற வெக்கற மாதிரி. அதுதான் ஓரியன்டல். நான் காத்திட்டிருந்தது அந்த இடத்துக்குத்தான். அங்க ஒண்ணுமே வரலைன்னா, புகை மட்டும் தட்டையா போயிட்டே இருந்துச்சுன்னா, அந்த பிளெண்ட் எவ்வளவு பெரிய பேர் வாங்கினதா இருந்தாலும் எனக்கு தேறாது.

கடைசி கால்பங்கு எல்லா புகையிலைலயும் கொஞ்சம் கனமாகும், சாம்பல் ருசி ஏறும். ஆனா கனமாகறது வேற, கசந்து போறது வேற. நைட்கேப் கடைசில கருப்பட்டி கருகின மாதிரி ஆகுமே தவிர கசக்கல. நிக்கோடின் நல்லாவே தெரியும், வெறும் வயத்துல பிடிக்கவே கூடாது, தலை சுத்தி வேர்த்து கொட்டும், அப்படி ஆனா பைப்ப வெச்சிட்டு ஏதாவது இனிப்பா வாய்ல போட்டுக்கோங்க. லட்டாக்கியா சாதுன்னு சொன்னீங்களேன்னு கேட்டா, ஆமா, இதுல பலம் குடுக்கறது வர்ஜீனியாவும் பெரிக்கும்தான். வாடை பலமா இருக்கறதுக்கும் சரக்கு பலமா இருக்கறதுக்கும் சம்பந்தமே இல்ல, ருசி எழுதறப்ப ரெண்டையும் தனித்தனியா எழுதணும்.

இத ஒட்டி, முடிஞ்சா நைட்கேப்புக்கு எதிர்முனைல இருக்கற ஏர்லி மார்னிங் பைப்ப வாங்கி பக்கத்துல வெச்சு பாருங்க. பேர்லயே இருக்கு, காலைக்கானது. லட்டாக்கியா கைய கட்டி ஓரமா நிக்கும், வர்ஜீனியாவும் ஓரியன்டலும் முன்னாடி வரும். உங்கள மாதிரி இப்பதான் இந்த பக்கம் வர்றவங்களுக்கு ஓரியன்டல் என்னன்னு அடையாளம் கண்டுபிடிக்க இதவிட நல்ல வழி எனக்கு தெரியல. இது ரெண்டையும் ரெண்டு முனையா வெச்சுக்கிட்டீங்கன்னா அடுத்து வர்ற எந்த டின்னையும் இதுக்கு நடுவுல எங்க நிக்குதுன்னு சொல்லிடலாம். 965 நடுவுல வரும், அதுல கேவன்டிஷ் இருக்கறதால ஒரு மெத்துன்னு வட்டமான தித்திப்பு. கெண்டல்ல சாமுவேல் கேவித் செய்யற ஸ்குவாட்ரன் லீடரும் நடுவுலதான், ஆனா ஓரியன்டல் பக்கம் சாய்ஞ்சு.

அடுத்தவங்க எழுதினது உங்களுக்கு தெரியலைங்கறது. தோல், ஊதுபத்தி, கேம்ப் ஃபயர், இதெல்லாம் எழுதினவங்க மூக்குல ஏற்கனவே இருந்த ஞாபகங்கள். அவங்க சின்ன வயசுல குதிரை சேணம் மோந்து பாத்திருப்பாங்க, நாம பாத்தது செருப்பு தைக்கற கடை. பிரசாதம்னா நமக்கு துளசியும் பச்சைக் கற்பூரமும், அவங்களுக்கு அது கிடையாது. அதனால அவங்க வார்த்தைய தேடிட்டு பவுல்ல உக்காராதீங்க, தேடினா கிடைக்காது, கிடைச்ச மாதிரி தோணினாலும் அது நிஜமா இருக்காது. உங்களுக்கு வெந்நீர் அடுப்பு ஞாபகம் வந்தா வெந்நீர் அடுப்புன்னு எழுதுங்க. புளியோதரை பொடி வறுக்கற வாசனை வந்தா அதையே எழுதுங்க. எனக்கு ஒரு பால்கன் பிளெண்ட்ல எங்க பாட்டி வீட்டு மச்சுல இருந்த பழைய நெல்லுப் பத்தாயம் ஞாபகம் வந்துச்சு, அப்படியேதான் நோட்டுல எழுதி வெச்சேன், ஆறு வருஷம் கழிச்சு அதே டின் இன்னொண்ணு திறந்தப்ப அந்த ஒரு வார்த்தை படிச்சதும் பழைய பவுல் முழுசா வாய்க்குள்ள வந்துச்சு. தோல், ஊதுபத்தின்னு எழுதியிருந்தா அது நடந்திருக்காது.

இன்னொரு காரணமும் இருக்கு. நீங்க படிக்கற பல விமர்சனம் இப்ப உங்க கைல இருக்கற புகையிலைய பத்தினதே இல்ல. டன்ஹில் கலவைங்கள எடுத்துக்கோங்க, தயாரிப்பு 1981ல பெல்ஃபாஸ்ட் மர்ரே கம்பெனிக்கு போச்சு, 2005ல டென்மார்க் ஓர்லிக் கம்பெனிக்கு போச்சு, 2018ல டன்ஹில் பேரே நின்னுபோச்சு, அடுத்த வருஷம் பீட்டர்சன் மூடியோட திரும்ப வந்துச்சு. ஒரே பேர், நாலு காலம். பால்கன் சொப்ரானிங்கற பேர் போன பிளெண்ட்டும் அப்படித்தான், பழைய லண்டன் டின்ன பத்தி உருகி எழுதினத படிச்சிட்டு இப்ப ஜெர்சில செய்யற டின்ல அதையே தேடினா ஏமாற்றம்தான் மிஞ்சும். அந்த காலத்து சிரியா லட்டாக்கியா இன்னைக்கு கிட்டத்தட்ட இல்லவே இல்ல, அது உலர்ந்த, ஒயின் மாதிரி கூரான இலை, சைப்ரஸ் இலை அதவிட தித்திப்பா, எண்ணெய் பதமா இருக்கும். இலையே வேறங்கறப்ப ருசிக்குறிப்பு மட்டும் எப்படி பொருந்தும்? படிக்கறப்ப முதல்ல எந்த வருஷத்து டின்னுன்னு பாருங்க.

அப்ப நல்ல பிளெண்ட்னு நான் எத சொல்வேன்? பாதி பவுலுக்கு அப்புறம் ஏதாவது மாறணும். மூணு இலையும் தனித்தனியா அடையாளம் தெரியணும், ஆனா தனித்தனியா நிக்கக்கூடாது. ஒழுங்கா காய வெச்சு நிதானமா பிடிச்சா நாக்க கடிக்கக்கூடாது, அப்படியும் கடிச்சா அது இலையோட குறை, சின்ன வயசு வர்ஜீனியாவ அவசரமா போட்டிருக்காங்கன்னு அர்த்தம். முடிச்சு ஒரு மணி நேரம் கழிச்சு வாய்ல என்ன மிஞ்சுதுன்னும் பாப்பேன். இது ரொம்ப பேர் விட்டுடற இடம். நல்ல பிளெண்ட்டுக்கு பின்ருசி சுத்தமா, ஒரு மரத்தித்திப்போட நிக்கும், சுமாரானதுக்கு ஆஷ்ட்ரே நக்கின மாதிரி இருக்கும். லட்டாக்கியா எத்தனை சதவீதம், எவ்வளவு கருப்புங்கறதெல்லாம் என் கணக்குலயே வராது. சொல்லப்போனா ரொம்ப கருப்பா இருக்கற பிளெண்ட்ட கொஞ்சம் சந்தேகமாவே பாப்பேன், சில நேரம் சுமாரான வர்ஜீனியாவ மறைக்கத்தான் அவ்வளவு புகைய மேல போத்தியிருப்பாங்க. பக்கத்துல இருக்கறவங்களுக்கு எப்படி மணக்குதுங்கறதுக்கும் நான் மார்க் போடறதில்ல, அது நல்லா இருக்காது, வீட்ல ஜன்னல திறந்து வைங்க, குழந்தை இருக்கற ரூம்ல வேண்டவே வேண்டாம்.

சுகர் போட்ட காபி, காரமான சாப்பாடு முடிச்ச கையோட ருசி பாக்கறதையும் விட்டுடுங்க. ஒரு மணி நேரம் கழிச்சு, பக்கத்துல வெறும் தண்ணி இல்லைன்னா பால் சேர்க்காத டீ.

உங்க டின்ன தூக்கி போடாதீங்க. இருக்கறத ரப்பர் மூடி போட்ட கண்ணாடி ஜாடிக்கு மாத்தி, வாங்கின தேதி எழுதி இருட்டான அலமாரில வெச்சிடுங்க. வருஷம் போக போக வர்ஜீனியா கனிஞ்சு தித்திப்பு ஏறும், லட்டாக்கியா கூர்மை மழுங்கும், உங்களுக்கு இப்ப டயரா தெரியறது அப்ப வேற மாதிரி தெரியும். அதுல இருந்து ஒரே ஒரு பவுலுக்கு மட்டும் இந்த சனிக்கிழமை எடுத்து பேப்பர்ல காய வெச்சு, வேற பைப்ல, முக்கால் மணி நேரமாவது நிக்கற அளவு நிதானமா பிடிச்சு பாருங்க. பாதி பவுல் தாண்டினதும் மூக்கு வழியா விட்டப்ப முதல்ல என்ன ஞாபகம் வந்துச்சுன்னு எழுதுங்க, கூடவே மூடில பெரிக் போட்டிருக்கான்னு பாத்து சொல்லுங்க, அத வெச்சு அடுத்து எந்த டின் வாங்கலாம்னு சொல்றேன்.